கவினின் ஐந்து மில்லி ரத்தம்

1

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து நான்கு வருடம் நிறைந்த நாளில் நான் இரண்டு படிவங்களை நிரப்ப வேண்டியிருந்தது. ஒன்று, குடியிருப்பு அனுமதியை நீட்டிக்கக் கோரும் படிவம். இன்னொன்று, மகப்பேறு மருத்துவரின் முன்னறையில் கொடுத்தது. முதலாவதை என் கணவர் தினேஷ் இரண்டு முறை சரிபார்த்தார். இரண்டாவதை நான் தனியாக நிரப்பினேன். இந்த நாட்டுப் படிவங்கள் மேல் எனக்கு இன்னும் பயம் போகவில்லை. தவறான கட்டத்தில் குறியிட்டால், அதைத் திருத்துவதற்கு வேறொரு படிவம் தருவார்கள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. குடும்பத்தில் பிறவி நோயுள்ள குழந்தைகள் உண்டா? "உண்டு" என்று குறியிட்டுவிட்டு, பக்கத்தில் இப்படி எழுதினேன்: அக்காவின் மகன், வயது ஒன்பது. கண்புரை, சிறுநீரகக் கோளாறு, மூளை வளர்ச்சிக் குறைவு. காரணம், பெற்றோர் நெருங்கிய உறவினர்.

மருத்துவர் படித்தார். "நீங்களும் உங்கள் கணவரும் உறவினரா?"

"இல்லை. அவர் வேறு ஊர். பெண் பார்க்க வந்த அன்றுதான் அவரை முதல் தடவை பார்த்தேன்."

"அப்படியானால் கவலைப்பட வேண்டாம்" என்று சொல்லி, நான் எழுதியதற்குக் கீழே ஒரு கோடு போட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். எங்கள் குடும்பமே ஒன்பது வருடமாக நம்பிய ஒன்றை ஒரு வெளிநாட்டு மருத்துவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த நிம்மதி எட்டு நாள் நீடித்தது.

2

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் யார் கேட்டாலும் "லேபில் இருக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ரத்தம், சிறுநீர் சோதிக்கும் இடம் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்தியதில்லை.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதை நாம் எல்லோரும் பள்ளியில் படம் வரைந்திருக்கிறோம். குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும், பிறகு இரு பக்கமும் விலகிப் போகும், கடைசிப் படத்தில் இரண்டு வட்டங்கள் இருக்கும். அந்தக் கடைசிப் படத்துக்கும் அதற்கு முந்தைய படத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் அந்த இடைவெளியை மட்டும்தான் பார்க்கிறார்கள். நான் அங்கே நுண்ணோக்கியை இயக்கும் தொழில்நுட்ப உதவியாளர்.

செல்லின் இடுப்பைச் சுற்றி ஒரு புரதக் கயிறு கட்டிக்கொள்ளும். சுருக்குப்பையின் வாயை இழுப்பது போல அது இறுகும். ஆனால் முழுவதும் மூடாது. இரண்டு செல்களுக்கும் நடுவில் மெல்லிய பாலம் ஒன்று மிஞ்சும். சர்க்கரைப் பாகைக் கம்பிப் பதம் பார்க்கும்போது இரண்டு விரலுக்கும் நடுவே ஓர் இழை நிற்குமே, அதுபோல. இந்தப் பாலம் மணிக்கணக்கில் நிற்கும். அதை அறுப்பதுதான் கடைசி வேலை.

அறுப்பதற்கென்று தனிப் புரதங்கள் இருக்கின்றன. அவை பாலத்தின் உள்ளே சுருள் சுருளாகச் சுற்றி இறுக்கும். ஆனால் எப்போது அறுக்கலாம் என்று முடிவாவதில் புரதத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு கொழுப்புக்கும் உண்டு. செல்லின் உறையே கொழுப்பால் ஆனது. அதில் மிகக் குறைவாக இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு, பிளவு விழும் இடத்தில் வந்து குவியும். அது இருந்தால்தான் கயிறு உறையைப் பிடித்துக்கொண்டு இழுக்க முடியும். இழுத்து முடித்ததும் அதே கொழுப்பு அங்கிருந்து போயாக வேண்டும். போகாவிட்டால் கயிறு கரையாது. கயிறு பாலத்தில் கிடக்கும்வரை அறுக்கும் புரதங்கள் தம் வேலையைச் செய்ய முடியாது. நேரம் ஓடும். சில சமயம் பிரிந்த இரண்டும் திரும்பி ஒட்டிக்கொண்டு, இரண்டு உட்கருக்களோடு ஒரே செல்லாகிவிடும்.

அந்தக் கொழுப்பை மாற்றி அனுப்புவதற்கு ஒரு நொதி இருக்கிறது. ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகளில் அதற்குப் பெயர்: ஓ.சி.ஆர்.எல். கொழுப்பின் தலையிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கிள்ளி எடுப்பது அதன் வேலை. அந்த நொதியை நீக்கிய செல்களைத்தான் ஒன்றரை வருடமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். கொழுப்பு பச்சையாக ஒளிரும்படி செய்திருப்போம். நல்ல செல்களில் பாலத்தின் பச்சை மங்கி மறையும், சிறிது நேரத்தில் பாலம் அறும். நொதி இல்லாத செல்களில் பச்சை அப்படியே நிற்கும். நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போவேன்.

அந்த நான்கு எழுத்துக்கும் விரிவு என்ன என்று நான் கேட்டதில்லை. ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பத்தியில் ஏதோ ஒரு நோயின் பெயர் வரும். செய்முறைப் பகுதிதான் எனக்குத் தேவை என்பதால் முதல் பத்தியைத் தாண்டிவிடுவேன். படித்திருந்தால் ஒன்றரை வருடம் முன்பே தெரிந்திருக்கும். அப்போது இந்தக் கர்ப்பம் இல்லை.

3

அக்காவிடம் இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. பேர மட்டும் மாத்திடு" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

அக்கா ரேவதி கும்மிடிப்பூண்டியில் இருக்கிறாள். அவளைக் கட்டியவர் எங்கள் அம்மாவின் உடன்பிறந்த தம்பி, சேகர் மாமா. எங்கள் பக்கம் தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது வழக்கம்தான். ஆர்.கே.பேட்டைப் பக்கம் இருக்கும் நெல் வயல் வேறு கைக்குப் போகக் கூடாது என்பது ஒரு காரணம். மாமா நல்லவர் என்பது இன்னொன்று. தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் அவருக்கு வேலை. துணியை வெளியில் காயப்போட்டால் மாலைக்குள் கரி படியும் தெருவில் வீடு.

அவர்கள் மகன் கவின் பிறந்தபோது அவன் கண்களின் நடுவில் வெண்மையாக இருந்தது. கையிலெடுத்தால் துணி மூட்டை போலத் தொய்ந்தான். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "சொந்தத்துல கல்யாணமா?" அக்கா ஆமாம் என்றாள். அவர் அதைச் சீட்டில் எழுதினார். அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த வரியைத்தான் முதலில் படித்தார்கள். படித்த பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை.

உறவினர்களும் கேட்கவில்லை. ஒரு காதுகுத்து விருந்தில், இலை போட்ட பந்தியில், தூரத்து அத்தை ஒருத்தி பக்கத்து இலைக்காரியிடம் சொன்னாள். "கூடப் பொறந்தவ பொண்ணையே கட்டிக்கினா இப்பிடித்தான். சாமி சும்மா உடுமா?" எதிர் வரிசையில் மாமா சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். அந்தப் பந்தி முழுக்கப் பரிமாறி முடித்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு மாமா கூடத்தில் படுக்க ஆரம்பித்தார். அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. "நம்ம ரெண்டு பேரு ரத்தமும் இன்னொரு தபா சேர வாணாம் ரேவதி" என்றாராம். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று அக்கா ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள். அதற்கு அவர் சொன்ன பதில் அது.

கவின் ஐந்து வயதில்தான் நடந்தான். கால்கள் வளைந்திருக்கும். தடித்த கண்ணாடி. நாளுக்கு மூன்று வேளை மருந்து. ஆனால் அவனைப் போல் சிரிக்கும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. மின்சார ரயில் ஸ்டேஷனுக்குள் வரும்போது ஹாரன் சத்தம் கேட்டால் இரண்டு கையையும் படபடவென்று தட்டுவான். அக்கா தினமும் மாலையில் அவனை நடைமேடைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். "வருதுடா நைனா, வருதுடா" என்பாள். ஏதாவது யோசனையில் இருந்தால் வலது கை விரல் முட்டியைக் கண்ணுக்குள் வைத்து அழுத்துவான். "கண்ண குத்தாத" என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்கு அது மூச்சு விடுவது போலாகிவிட்டது.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, மணவாள நகர் வீட்டில் அப்பா எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "இந்தப் பொண்ணு வெளியிலதான்." ஆர்.கே.பேட்டையில் எனக்கென்று பேசி வைத்திருந்த உறவுக்காரப் பையனை அன்றே வேண்டாம் என்றார்கள். எனக்குப் படிப்பைத் தொடர வேண்டும், வெளியூர் போக வேண்டும் என்றெல்லாம் ஆசை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்காவின் மடியில் கிடந்த குழந்தையால் எனக்கு ஒரு கதவு திறந்தது என்பது அப்போதும் தெரியும்.

4

எங்கள் ஆய்வகத்துக்கு மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து பேசுவார். படிவம் நிரப்பி எட்டாம் நாள் வந்தவர் குழந்தைகள் மருத்துவர். நாங்கள் படமெடுக்கும் அந்த நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார்கள். நான் காபியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் படத்தில் நான்கு எழுத்துகளை விரித்துக் காட்டினார். முதல் எழுத்து கண். இரண்டாவது மூளை. மூன்றாவது சிறுநீரகம். கடைசி எழுத்து, நோயை விவரித்த மருத்துவரின் பெயருக்கு.

இரண்டாவது படத்தில் ஒரு பையன். அந்நிய முகம், வெளுத்த தலைமுடி, தடித்த கண்ணாடி. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, விரல் முட்டியைக் கண்ணுக்குள் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தான்.

"கண்ண குத்தாத" என்று என் வாயில் வந்துவிட்டது. சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாவது படம் ஒரு குடும்ப மரம். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். நோய் வந்த கட்டங்கள் கறுப்பு. சில வட்டங்களின் நடுவில் ஒரு புள்ளி. அந்தப் பெண்களுக்கு நோய் இல்லை, ஆனால் மகனுக்குக் கொடுக்கக்கூடியவர்கள். அப்பாக்களின் கட்டங்கள் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. உறவில் திருமணம் நடந்திருந்தால் இரட்டைக் கோடு போடுவது வழக்கம். நான் மரம் முழுக்கத் தேடினேன். எல்லாம் ஒற்றைக் கோடு.

சொந்தத்தில் கட்டுவதால் கூடுதலாக வரும் நோய்கள் இருக்கின்றன. அதை இல்லையென்று நான் சொல்லவில்லை. இது அதில் ஒன்றல்ல, தாயிடமிருந்து மகனுக்கு வருவது. அக்கா யாரைக் கட்டியிருந்தாலும் கவின் இப்படிப் பிறந்திருக்கக்கூடும். நான் யாரைக் கட்டினாலும் எனக்கு அதில் பாதுகாப்பு இல்லை.

பாலம் அறத் தாமதமாவதால்தான் கவினின் கண் இப்படி ஆனதா என்று பேச்சு முடிந்ததும் கேட்டேன். கவின் பெயரைச் சொல்லவில்லை, பொதுவாகக் கேட்டேன். அந்த நொதிக்குச் செல்லில் வேறு பல வேலைகளும் உண்டு, எது எதற்குக் காரணம் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது என்றார். நேர்மையான பதில்தான்.

5

அன்று மத்தியானமே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, எங்களுக்கு முன்னாடி ஒரு அண்ணன் பொறந்து செத்துட்டான்னு சொல்லியிருக்கியே."

"இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு? புள்ளத்தாச்சி பேசற பேச்சா இது?"

"அவன் கண்ணு எப்படிம்மா இருந்துச்சு?"

மணவாள நகர் வீட்டு வாசலில் காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி கேட்டது.

"பால் ஊத்தி வெச்சா மாதிரி இருந்துச்சு. எட்டு மாசம் இருந்தான். தலயே நிக்கல. வெளிய சொன்னா அடுத்த புள்ளைக்கு ஆவாதுன்னு உங்க பாட்டி சொல்லிட்டாங்க. உங்கப்பா கூட அந்தப் பேச்ச எடுத்ததில்ல."

"நீயும் அப்பாவும் சொந்தம் இல்லதான?"

"உங்கப்பா ஆரு, நாங்க ஆரு? பொண்ணு கேட்டு வரச்சொல்லதான் மொதல்ல பாத்தது." பிறகு அம்மாவின் குரல் மாறியது. "ஏண்டி கேக்கற?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

அம்மா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அம்மா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள்தான். ஆனால் இந்தக் கணக்குக்கு அது தேவையில்லை. கடைசியில், "அப்ப சேகர ஏண்டி இத்தினி வருசமா எல்லாரும் பேசினாங்க?" என்றாள்.

6

ரத்தச் சோதனை இல்லாமலே ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. இந்த நோயைச் சுமக்கும் பெண்களின் கண் வில்லையில் பெரும்பாலும் ஓர் அடையாளம் இருக்குமாம்.

கண் மருத்துவரிடம் போன அன்று பாலர் பள்ளி விடுமுறை. என் மகள் இனியாவையும் கூட்டிப்போனேன். அவளுக்கு நான்கு வயது. என் ஜெர்மன் அவளுக்கு வெட்கம். வரவேற்பில் நான் சொன்ன வாக்கியத்தை அவள் திருத்திச் சொன்னாள். அங்கே இருந்த பெண் என்னை விட்டுவிட்டு அவளிடம் பேச ஆரம்பித்தாள். வீட்டில் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். வீடியோவில் கவினைப் பார்த்தால், "அவன் ஏன் எப்பவும் கை தட்டறான்?" என்று ஜெர்மனில் கேட்டுவிட்டு விளையாடப் போய்விடுவாள். பெரியம்மாவுக்கு அது புரியாதது நல்லது என்று நினைத்திருக்கிறேன்.

சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு, மருத்துவர் கருவியின் ஒளிக்கீற்றை என் கண்ணுக்குள் விட்டார். நெடுநேரம் பார்த்தார். இரண்டு வில்லைகளிலும் சின்னஞ்சிறு வெள்ளைப் புள்ளிகள், சக்கரத்தின் ஆரங்கள் போல வரிசையில் இருக்கின்றன என்றார். பார்வையை அவை கெடுக்காது. இத்தனை வருடம் அவற்றின் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காதான் நினைவுக்கு வந்தாள். கவினை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை கண் மருத்துவர்களின் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். எல்லோரும் அவன் கண்ணைப் பார்த்தார்கள். ஒருவர் கூட அந்தக் கருவியை அரை அடி மேலே தூக்கி அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

இனியாவுக்கும் இருக்குமா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பதினெட்டு வயது நிறைந்த பிறகு அவளே கேட்டால்தான் சோதிப்பார்கள், தாய் கேட்டால் செய்ய மாட்டார்கள் என்றார் மருத்துவர். சரியான விதிதான். ஆனால் அந்தச் செய்தியை நான் அவளுக்கு எந்த மொழியில் சொல்வேன் என்று தெரியவில்லை.

7

நான்காம் மாத ஸ்கேனில் மருத்துவர் சாதாரணமாக, "ஆண் குழந்தை" என்றார். திருவள்ளூரில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் பாலினம் சொல்ல மாட்டோம் என்ற பலகை சுவரில் தொங்கும். இங்கே ஒரு பலகை இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மரபியல் ஆலோசகர் தாளில் வரைந்து விளக்கினார். ஆண் குழந்தைக்கு நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கலாம். ஆனால் அந்த மரபணு மிக நீளமானது. எங்கள் குடும்பத்தில் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் உறுதியாகத் தெரிய வேண்டும். அதற்கு நல்ல வழி, நோயுள்ள குழந்தையின் ரத்தம். ஐந்து மில்லி போதும். சென்னையிலேயே ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். "உங்கள் சகோதரி சம்மதிப்பாரா?" என்று கேட்டார். "கட்டாயம்" என்றேன்.

மூன்று நாள் போன் செய்யவில்லை. இனியாவுக்குச் சளி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தினேஷ், "நான் பேசட்டுமா பானு?" என்றார். அவர் பேசினால் அக்கா மறுக்க மாட்டாள். மாப்பிள்ளைக்கு அந்த மரியாதை உண்டு. அதனாலேயே வேண்டாம் என்றேன்.

நான்காம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் பேசினேன். அங்கே மாலை. அக்கா நடைமேடையில் இருந்தாள்.

"அக்கா, கவினுக்கு வந்திருக்கிற நோய்க்கு ஒரு பேர் இருக்குது. ரத்தம் குடுத்தா உறுதியா தெரிஞ்சிடும். தெரிஞ்சா அவனுக்கு வைத்தியம் பாக்கறவங்களுக்கு நல்லது."

பொய்யில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

"ஒம்போது வருசமா உனக்குத் தோணல. நீ முழுவாம இருக்கச்சொல்ல தோணுது."

"அப்படியில்லக்கா..."

"வேற எப்பிடி? என் புள்ள மாதிரி பொறந்துடுமோன்னு பாக்கறே. அதான?"

ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. நான் ஆமாம் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் முதல் பிள்ளை, என் கண்ணில் உள்ள புள்ளிகள், மாமாவின் ரத்தத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பது. தவறான வரிசையில் சொன்னேன் என்று இப்போது நினைக்கிறேன். மாமாவைப் பற்றித்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

"அப்ப என்கிட்டருந்து வந்துதா?"

"அம்மாகிட்டருந்து உனக்கு. எனக்கும்தான்."

"உனக்கும்னு சொல்லாத. உன் மடியில இனியா கீது."

ரயில் வந்தது. ஹாரன் சத்தத்தை மீறிக் கவின் கை தட்டுவது கேட்டது. அந்தக் கூச்சல் அடங்கிய பிறகு அக்கா கேட்டாள்.

"இருந்துதுன்னா இன்னா பண்ணுவ?"

"தெரியலக்கா."

"தெரியாமயா ரத்தம் கேக்கற?" சொல்லிவிட்டு உடனே, "சரி, எங்க போவணும், அட்ரஸ் அனுப்பு. நாளிக்கு மாமாவுக்கு லீவு. அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

"தேங்க்ஸ்க்கா."

"தேங்க்ஸ் கீங்க்ஸ் சொன்னே, ஒதைப்பேன். ஒண்ணே ஒண்ணு. ரிசல்ட் எப்பிடி வந்தாலும் எனக்குச் சொல்லு. ஆனா கவின் மாதிரின்னு சொல்லாத. அவன் மாதிரி இருக்குது, அவன் மாதிரி இல்ல, ரெண்டும் சொல்லாத. அதான் நோவுக்கு ஒரு பேரு கீதுன்றியே. அந்தப் பேர சொல்லு."

8

கவினுக்கு நரம்பு கிடைக்கவில்லையாம். இரண்டு கையிலும் குத்தி, கடைசியில் புறங்கையில் எடுத்திருக்கிறார்கள். அக்கா படம் அனுப்பினாள். மாமாவின் மடியில், புறங்கையில் பஞ்சோடு, கன்னத்தில் கண்ணீர் காயாமல், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். மாமாவின் முகம் படத்தில் பாதிதான் விழுந்திருந்தது.

"மாமா இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்வாரு. 'அப்ப என்னால இல்லியா ரேவதி'ன்னாரு. உக்காந்துகினு அழுதாரு. சந்தோசத்துல அழுதாரா, போன ஒம்போது வருசத்துக்கு அழுதாரான்னு நான் கேக்கல. அவரு அழுது முடிச்சிட்டாரு. இப்ப நான் அழுவணும், எனக்கு வரல."

மாமா அன்றைக்கும் கூடத்தில்தான் படுத்தாராம். பழகிவிட்டது என்றாராம்.

நான்கு வாரத்தில் கவினின் அறிக்கை வந்தது. மரபணுவில் பிழை எந்த எழுத்தில் என்று ஒரு வரியில் இருந்தது. அந்த வரியை வைத்து என் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். பிறகு காத்திருந்தேன். வேலைக்குப் போனேன். பச்சை மங்காத பாலங்களைப் பார்த்து நேரம் குறித்தேன். முன்பு போல அடுத்த செல்லுக்குச் சட்டென்று நகர முடியவில்லை. ஒரு நாள் ஒரு பாலத்தைக் கடைசிவரை பார்த்தேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஆனால் அறுந்தது. எனக்கு ஏன் கண்ணீர் வந்தது என்று தெரியவில்லை.

வயிற்றுக்குள் அசைவு பலமாகத் தெரிய ஆரம்பித்த வாரத்தில், ஒரு காலையில், ஆலோசகர் போன் செய்தார். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். குழந்தைக்கு அந்தப் பிழை இல்லை.

தினேஷ் சமையலறையில் இனியாவுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "தப்பிச்சிட்டோம்! கவின் மாதிரி இல்ல! கவின் மாதிரி இல்ல!"

இரண்டு முறை சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. இனியா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவிடம் உடனே பேச முடியவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். நோயின் பெயரைப் போட்டு, 'அந்தப் பிழை இந்தக் குழந்தைக்கு வரவில்லை' என்று எழுதினேன். அதைப் பார்த்துப் படிப்பது போலவே சொன்னேன்.

"அப்பிடியா" என்றாள் அக்கா. அவள் குரலில் இருந்தது உண்மையான சந்தோஷம். அதைச் சந்தேகப்பட எனக்கு உரிமை இல்லை. "நல்லதுடி. நல்லா இரு. அம்மாகிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல. உன்கிட்டதான் முதல்ல."

"என்கிட்ட மொதல்லயா?" சின்னதாகச் சிரித்தாள். "உன் ஊட்டுக்காரருகிட்ட?"

"அவருகிட்ட... ஆமா, அவருகிட்ட சொன்னேன்."

"அவருகிட்ட எப்பிடிச் சொன்னே?"

தாளில் அதற்கு எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன், மூடினேன். அக்கா காத்திருந்தாள். பிறகு, கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்ட மாதிரி, "சரி உடு" என்றாள்.

"அக்கா..."

"கவின் தூங்கறான். எழுந்துக்கப் போறான். அப்பறம் பேசறேன்."

அவள் பின்னால் அவன் கை தட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.